ஸ்காட்ஸ்டேலில் சொந்த வீடு: தீப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசோனாவில் ஃபீனிக்ஸை ஒட்டியிருக்கும் ஸ்காட்ஸ்டேலில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பள்ளிக்கூடம், வரி, வீட்டுக்கடன் எல்லாம் விசாரித்துவிட்டு வருகிறோம். தீ விஷயத்தை மட்டும் பில்டரும் ஹெச்.ஓ.ஏ.வும் (குடியிருப்பின் வீட்டுக்காரர் சங்கம்) பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் இதில் பெரும்பங்கு வீட்டுக்காரர் தலையில்தான் இருக்கிறது.

பாலைவனத்தில் எரிய என்ன இருக்கிறது? மணலும் கள்ளியும்தானே?

சொனோரன் பாலைவனம் நெருப்புக்குப் பழகிய நிலம் அல்ல. ஒரு பாலோ வெர்டே மரம், நாலு எட்டு தள்ளி ஒரு கிரியசோட் புதர், இன்னும் தள்ளி ஒரு சகுவாரோ என்ற உயரமான கள்ளி, நடுவில் வெறும் மண். மின்னல் விழுந்து ஒரு செடி பற்றினாலும் அடுத்த செடிக்குத் தாவ வழியில்லாமல் தீ அணைந்துவிடும். அந்த வெறும் மண்தான் இந்த நிலத்தின் காப்பு.

வெளியிலிருந்து வந்த புல்லும் களையும் இப்போது அந்த இடைவெளியை அடைத்துவிட்டன. ரெட் புரோம் என்ற புல், பஃபெல் புல், மஞ்சளாகப் பூக்கும் ஸ்டிங்க்நெட் என்ற களை, இந்த மூன்றும்தான் முக்கியமானவை. பஃபெல் புல் வேறொன்றுமில்லை, காங்கேயம் பக்கம் கொரங்காடுகளில் மாடுகள் மேயும் நம் கொழுக்கட்டைப் புல்தான். அங்கே அது நல்ல தீவனம். இங்கே மேய ஆளில்லாமல் காய்ந்து, செடிக்குச் செடி தீயைக் கடத்துகிறது.

2005 ஜூன் மாதம் நகரத்துக்கு வடக்கே மின்னலில் தொடங்கிய கேவ் க்ரீக் காம்ப்ளெக்ஸ் தீயில் சுமார் 2,48,000 ஏக்கர் எரிந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நல்ல மழை. மழை பெய்தால் ஆபத்து குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே நடப்பது நேர்மாறு: குளிர்கால மழையில் முளைத்த புல், மே மாதத்தில் வைக்கோலாகிவிடுகிறது. முதல் கிளை விடவே ஐம்பது, எழுபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் சகுவாரோக்கள் அந்தத் தீயில் ஏராளமாக அழிந்தன. இந்த இழப்பை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது.

எந்த மாதங்களில் அதிகக் கவனம் வேண்டும்?

மே முதல் ஜூலை தொடக்கம் வரை. பருவமழைக் காலம் ஜூன் 15 அன்று தொடங்குவதாகக் கணக்கு, ஆனால் முதலில் வருவது பெரும்பாலும் புழுதிக்காற்றும் மின்னலும்தான், மழை பிறகுதான். தேசிய வானிலைச் சேவை ‘ரெட் ஃப்ளாக்’ எச்சரிக்கை (தீ எளிதில் பரவும் வானிலை என்று பொருள்) விடும் நாட்களில் வெளியில் வெல்டிங், கிரைண்டர், புல்வெட்டும் இயந்திரம் எதையும் எடுக்காதீர்கள். கல்லில் உரசும் பிளேடின் ஒரு பொறி போதும்.

வீட்டைச் சுற்றி எவ்வளவு தூரம் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்?

30 அடி என்பது பொதுக் கணக்கு. சுத்தம் என்றால் மொட்டையடிப்பது அல்ல. காய்ந்த புல், செத்த புதர், உதிர்ந்த சருகு, கள்ளியின் காய்ந்த பட்டைகள் இவற்றை அகற்ற வேண்டும். பச்சையாக இருக்கும் செடிகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். மரக்கிளைகள் கூரையைத் தொடக்கூடாது.

அந்த 30 அடியில் சுவரை ஒட்டிய முதல் 5 அடிதான் மிக முக்கியம். காட்டுத்தீயில் வீடுகள் பற்றுவது பெரும்பாலும் தீச்சுவாலை நேரே வந்து தொடுவதால் அல்ல, காற்றில் பறந்து வரும் கங்குகளால். சுவரோரம் கல், சரளை, சிமென்ட் மட்டும் இருந்தால் கங்கு விழுந்து அணைந்துவிடும். அங்கே மரப்பட்டைத் தூள் போட்டு அழகுபடுத்தியிருந்தாலோ, தென்னைநார் மிதியடி கிடந்தாலோ, விறகு அடுக்கியிருந்தாலோ கதை வேறு. அட்டிக்கின் (கூரைக்குக் கீழே உள்ள பரண் வெளி) காற்றுத் துவாரங்களில் எட்டில் ஒரு அங்குலக் கண்ணுள்ள உலோக வலை இருக்கிறதா என்று ஏணி வைத்து ஒருமுறை பாருங்கள். பழைய வீடுகளில் கால் அங்குல வலைதான் இருக்கும், கங்கு அதில் தாராளமாக நுழையும்.

பனை வகை மரம் இருந்தால், கீழே பாவாடை போலத் தொங்கும் காய்ந்த ஓலைகளை வெட்டிவிடுங்கள். ஆனால் உயரமான மரத்தில் நீங்களே ஏறாதீர்கள். மேலிருந்து ஓலைக் கற்றை சரிந்து, மரத்தில் மாட்டிக்கொண்டு மூச்சுத்திணறி இறந்த தொழிலாளர்கள் இங்கே உண்டு. அதற்கென்று பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள்.

என் மனையின் பின்பகுதி ‘என்.ஏ.ஓ.எஸ்.’ என்று பத்திரத்தில் இருக்கிறது. அதை வெட்டலாமா?

என்.ஏ.ஓ.எஸ். என்பது பாலைவனத்தை அப்படியே விட்டுவைப்பதற்காக நகரம் ஒதுக்கச் சொல்லும் பகுதி. நிலம் உங்களுடையது, இஷ்டப்படி அழிக்கும் உரிமை மட்டும் இல்லை. ஆனால் வீட்டை ஒட்டிய 30 அடிக்குள் தீத்தடுப்புக்காகச் செத்த செடிகளை எடுக்க நகரம் இடம் தருகிறது. வெளியிலிருந்து வந்த களைகளையும் பிடுங்கலாம். உயிரோடு இருக்கும் பாலைவனச் செடியில் கை வைக்கும் முன் நகராட்சியைக் கேட்டுவிடுங்கள். சகுவாரோவுக்கு மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு, சொந்த மனையில் நின்றாலும் அகற்றும் முன் என்ன விதி என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்டிங்க்நெட்டை எப்படி ஒழிப்பது?

பூக்கும் முன் பிடுங்க வேண்டும், அதாவது குளிர்காலத்திலும் பிப்ரவரி வாக்கிலும். சின்ன மஞ்சள் உருண்டைகளாகப் பூ வந்துவிட்டால், பிடுங்கியதைப் பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உதறினால் அடுத்த வருடம் பத்து மடங்காக வரும். எரிக்க நினைக்கவே வேண்டாம், அதன் புகை தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். கையுறை அவசியம், சிலருக்குத் தோல் தடித்துவிடுகிறது.

உட்கூரையில் ஸ்பிரிங்க்ளர் (தீயின் சூட்டில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இருக்கிறது. வீட்டுக்கு எதற்கு இது?

இந்த விஷயத்தில் ஸ்காட்ஸ்டேல் அமெரிக்காவுக்கே முன்னோடி. 1985-ல் நகர மன்றம் விதியை நிறைவேற்றி, 1986 ஜனவரி 1 முதல் கட்டப்படும் ஒவ்வொரு தனி வீட்டிலும் ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது. பிறகு மாநிலச் சட்டம் மாறி, மற்ற ஊர்கள் புதிதாக இப்படிக் கட்டாயமாக்க முடியாமல் போய்விட்டது. அதனால் சாண்ட்லரிலோ கில்பர்ட்டிலோ இருக்கும் உங்கள் நண்பர் வீட்டில் இது இல்லாமல் இருக்கலாம்.

15 ஆண்டு முடிவில் நகரம் கணக்குப் பார்த்தது. ஸ்பிரிங்க்ளர் இருந்த வீடுகளில் தீயால் ஒரு சாவுகூட இல்லை. இல்லாத வீடுகளில் 13 பேர் இறந்திருந்தார்கள். தீ ஒன்றுக்குச் சராசரி இழப்பு, ஸ்பிரிங்க்ளர் இருந்தால் 2,166 டாலர், இல்லாவிட்டால் 45,019 டாலர். என் பார்வையில் இந்த நகரம் எடுத்த மிக நல்ல முடிவுகளில் இது ஒன்று. வீடு பார்க்கப் போகும்போது 1986-க்கு முன் கட்டியதா பின் கட்டியதா என்று கேளுங்கள். நீச்சல்குளம் இருக்கிறதா என்பதைவிட முக்கியமான கேள்வி அது.

இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம் நேரம். இன்றைய சோபா, மெத்தை, திரைச்சீலை எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கைப் பொருட்கள். அப்படிப்பட்ட அறை முழுசாகப் பற்றிக்கொள்ள நாலைந்து நிமிடம் போதும் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் கடந்திருக்கும். ஸ்பிரிங்க்ளர் அந்த அறையிலேயே காத்திருக்கிறது.

தோசை தீய்ந்து புகை வந்தால் வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டிவிடாதா?

கொட்டாது. ஸ்பிரிங்க்ளருக்குப் புகை தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தலையும், அதாவது தண்ணீர் தெளிக்கும் முனையும், தனித்தனியாக இயங்கும். கண்ணாடிக் குமிழ் உள்ள தலைகளில் குமிழின் நிறத்தைப் பார்த்தால் எந்தச் சூட்டில் உடையும் என்று சொல்லிவிடலாம்: ஆரஞ்சு 57 டிகிரி செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. இங்கே கராஜும் அட்டிக்கும் கோடையில் அடுப்பாகக் காய்வதால், அங்கே கூடுதல் சூடு தாங்கும் தலைகளைப் போடுவார்கள். கராஜுக்கு ஒன்றை மாற்ற வேண்டி வந்தால், படுக்கையறைக்கானதை வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

பெரும்பாலான தீக்களை ஒன்றிரண்டு தலைகளே அடக்கிவிடுகின்றன. நகரத்தின் அதே ஆய்வில், ஸ்பிரிங்க்ளர் அணைத்த தீக்குச் செலவான தண்ணீர் சராசரியாக 341 கேலன், அதாவது சுமார் 1,300 லிட்டர். குழாய் பிடித்து அணைத்தால் 2,935 கேலன், சுமார் 11,000 லிட்டர். தண்ணீரால் வீடு பாழாகும் என்று பயப்படுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பெயிண்ட் அடிக்கும்போது அதன் மேலும் அடித்துவிட்டார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். பெயிண்ட் பட்ட தலை தாமதமாகத் திறக்கும், திறக்காமலும் போகும். சுரண்டியோ தின்னர் போட்டோ துடைக்காமல், உரிமம் பெற்ற ஆளை வைத்துத் தலையையே மாற்றுங்கள். தோரணம், பிறந்தநாள் பலூன், கொலு அலங்காரச் சரம் எதையும் அதில் கட்டாதீர்கள். இழுத்தால் உடையும், உடைந்தால் மெயின் வால்வை மூடும்வரை தண்ணீர் நிற்காது.

ஜூன், ஜூலையில் ஊருக்குப் போகிறோம். தண்ணீரை நிறுத்திவிட்டுப் போகலாமா?

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல வீடுகளில் தெருவிலிருந்து வரும் ஒரே குழாய்தான் குளியலறைக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் பிரிகிறது. மீட்டர் பக்கத்தில் மூடினால் இரண்டுமே நின்றுவிடும். ஆளில்லாத வீடு, 115 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், தண்ணீர் இல்லாத ஸ்பிரிங்க்ளர்: இப்படி விட்டுவிட்டு விமானம் ஏறக்கூடாது. கராஜ் சுவரில் ஸ்பிரிங்க்ளருக்கென்று தனியே செங்குத்துக் குழாயும் வால்வும் இருக்கும். அதைத் தொடாமல், வீட்டுக் குழாய்களுக்கான வால்வை மட்டும் மூடுங்கள். எது எது என்று தெரியாவிட்டால் ஒரு பிளம்பரை வரவழைத்து, வால்வுகளில் அட்டை கட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மோக் அலாரம் எத்தனை வேண்டும்?

ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே நடையில் ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒன்று. பின்பக்கத்தில் தயாரித்த தேதி இருக்கும், அதிலிருந்து 10 வருடம் ஆனால் அலாரத்தையே மாற்ற வேண்டும். பேட்டரி மாற்றுவது அதற்கு ஈடாகாது. இங்கே புழுதி அதிகம். பெரிய புழுதிப் புயலுக்குப் பிறகு வேக்யூம் கிளீனரின் மெல்லிய தூரிகையால் அலாரத்தின் ஓரங்களை உறிஞ்சி எடுங்கள். நடுராத்திரியில் காரணமில்லாமல் கத்தும் அலாரங்களில் பாதிக்குத் தூசிதான் காரணம் என்பது என் எண்ணம்.

கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்குள் ஹோமம் செய்யலாமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. என் பதில்: பின்பக்கப் பேட்டியோவில் செய்யுங்கள். கூரை உயரமாகவும் பக்கங்கள் திறந்தும் இருந்தால் நல்லது. பேட்டியோ கூரையிலும் ஸ்பிரிங்க்ளர் தலை இருக்கலாம், அண்ணாந்து பார்த்துவிட்டுக் குண்டத்தை அதன் நேர் கீழே வைக்காமல் தள்ளி வையுங்கள்.

உள்ளேதான் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், சின்னக் குண்டம், அதன் கீழே செங்கல் அடுக்கி மணல் பரப்பிய தளம், கொஞ்சம் சமித்து, அளவான நெய், திறந்த கதவுகள். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்றும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே சொன்னால் அவர்களே அளவைக் குறைத்துக்கொள்வார்கள், இந்த ஊர் வீடுகள் அவர்களுக்கும் பழக்கம்தான். அலாரம் கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைந்திருந்தால், அன்று காலை அவர்களுக்குப் போன் செய்து சில மணி நேரத்துக்குச் சோதனை நிலையில் வைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பூர்ணாஹுதி நேரத்தில் தீயணைப்பு வண்டி வாசலில் நிற்கும். அலாரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பது மட்டும் வேண்டாம். அன்று கழற்றியதை யாரும் அன்றே திரும்ப மாட்டுவதில்லை.

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க முடியுமா?

மத்தாப்பு கொளுத்தலாம், வெடி வெடிக்க முடியாது. அரிசோனாவின் பட்டாசுச் சட்டம் தீபாவளியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது: தீபாவளியின் முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை அனுமதி. வடக்கத்தி வழக்கப்படி ஐந்து நாள் பண்டிகையாக எண்ணினால், நம் நரக சதுர்த்தசி அதற்குள் அடங்கிவிடும்.

கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் போன்றவை அனுமதிக்கப்பட்டவை. மேலே பறப்பதும் வெடிப்பதும் கூடாது: ராக்கெட், சரவெடி, வானில் விரியும் ஷெல் எதுவும். வேறு மாநிலத்திலிருந்து வாங்கி வந்தாலும் அதே விதிதான். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது.

இரவு 11 மணி முதல் காலை 8 மணி வரை பட்டாசுக்குத் தடை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடியும் முன் வெடிக்கும் நம் வழக்கம் இங்கே நடக்காது. பிள்ளைகளுக்கு முதல் நாள் மாலையோ அன்று மாலையோ என்று சொல்லிப் பழக்கிவிடுங்கள். இன்னொன்று, பெரிய இயற்கைப் பாதுகாப்பு நிலங்களை வாங்கி வைத்திருக்கும் நகரங்கள், அவற்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் பட்டாசைத் தடுக்கலாம் என்று மாநிலச் சட்டம் அதிகாரம் தருகிறது. ஸ்காட்ஸ்டேலில் மெக்டவல் சொனோரன் பிரிசர்வ் என்ற அப்படிப்பட்ட நிலம் 30,000 ஏக்கருக்கும் மேல். நகரின் வடபகுதியில் வீடு என்றால் முதலில் வரைபடத்தைப் பாருங்கள். எரிந்த கம்பிகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, மறுநாள் குப்பையில் சேருங்கள்.

போகியன்று பழையதை எரிக்கலாமா? பொங்கலுக்கு முற்றத்தில் விறகு அடுப்பு?

போகித் தீ கூடாது. ஸ்காட்ஸ்டேல் இருக்கும் மாரிகோபா கவுன்ட்டியில் குப்பையை வெளியில் எரிப்பது சட்டவிரோதம். பழைய துணியையும் பாயையும் தானம் கொடுங்கள் அல்லது நகரம் பெரிய குப்பை எடுக்கும் வாரத்தில் வெளியே வையுங்கள்.

பொங்கல் கொஞ்சம் நுணுக்கமானது. குளிர்காலத்தில் புகை கீழேயே தங்கி காற்று கெடும் நாட்களில் கவுன்ட்டி ‘நோ பர்ன்’ அறிவிப்பு விடுகிறது. அன்று விறகு எரியும் கணப்பு, வெளித் தீக்குழி எதுவும் கூடாது. முதல்முறை எச்சரிக்கை, பிறகு அபராதம் 50 டாலரில் தொடங்கி ஏறும். ஜனவரி நடுவிலும் இந்த அறிவிப்பு வரலாம். முதல் நாள் மாலையே கவுன்ட்டியின் அறிவிப்பைப் பாருங்கள். நோ பர்ன் என்று வந்தால், முற்றத்திலேயே கேஸ் அடுப்பை வைத்துப் பானையை ஏற்றுங்கள்.

கராஜில் என்ன கவனிக்க வேண்டும்?

கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவு தானாக மூடிக்கொள்ளும்படி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். குழந்தை கை நசுங்கும் என்று அதைக் கழற்றிவிடுகிறோம், இல்லாவிட்டால் செருப்பை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறோம். கராஜில் பிடித்த தீயைச் சில நிமிடமாவது தடுத்து நிறுத்துவது அந்தக் கதவுதான். அதில் பூனைக் கதவு வெட்டுவதும் கூடாது.

கேஸ் கிரில் சிலிண்டரை வெளியே நிழலில் வையுங்கள். மின்சைக்கிள் பேட்டரியைக் கோடையில் குளிரூட்டிய இடத்தில் சார்ஜ் செய்யுங்கள், தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள். மின்காருக்கு அனுமதி வாங்கித் தனி இணைப்புப் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் கயிற்றில் ஓட்ட வேண்டாம். சின்ன ஏ.சி.க்கும் இதே விதிதான்.

வீட்டு எண், ஹைட்ரன்ட் பற்றி விதி உண்டா?

உண்டு. எண் தெருவிலிருந்து தெரிய வேண்டும், குறைந்தது 4 அங்குல உயரம், சுவரின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறம். மண்நிறச் சுவரில் மண்நிற எண் பதிக்கும் இந்த ஊர் மோகம் இரவில் ஆபத்து. ஹைட்ரன்ட்டைச் (தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்) சுற்றி 3 அடி திறந்திருக்க வேண்டும், 15 அடிக்குள் வண்டி நிறுத்தக்கூடாது. அழகுக்காகச் சிலர் அதைச் சுற்றி கத்தாழை நடுகிறார்கள். அதைப் பிடுங்க வேண்டியதுதான்.

ஊருக்கு வெளியே, ரியோ வெர்டே பக்கம் மனை மலிவாகக் கிடைக்கிறது. அங்கேயும் இதே தீயணைப்புச் சேவைதானா?

இல்லை. ஸ்காட்ஸ்டேல் தன் சொந்தத் தீயணைப்புத் துறையை 2005 ஜூலையில் தொடங்கியது. அது நகர எல்லைக்கு உட்பட்ட சேவை. எல்லைக்கு வெளியே கவுன்ட்டி நிலத்தில் பல இடங்களில் தனியார் நிறுவனத்திடம் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தீயை அணைத்த பிறகு பெரிய தொகைக்குப் பில் வரும். முகவரியில் ஸ்காட்ஸ்டேல் என்று இருப்பதை நம்பாதீர்கள், தபால் முகவரி வேறு, நகர எல்லை வேறு. வாங்கும் முன் ஸ்பிரிங்க்ளர், சந்தா, பக்கத்து ஹைட்ரன்ட் எவ்வளவு தூரம், இந்த மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக் காப்பீட்டு நிறுவனமும் இதையேதான் கேட்கும்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து தங்குகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லித்தர வேண்டும்?

பகலில் நாம் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பவர்கள் அவர்கள்தான், அதனால் இதை ஒத்திப்போடாதீர்கள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். அந்த மூடி எப்போதும் அடுப்பின் பக்கத்திலேயே இருக்கட்டும். தோட்டக் குழாயை எடுத்து ஓடுவார்கள், வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கொதிநீர், கையைச் சுட்டுவிடும் என்று சொல்லுங்கள். படுக்கையறை ஜன்னலில் கம்பி போட்டிருந்தால், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கிறதா என்று அவர்களையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தீ சட்டென்று அணையாவிட்டால் பாஸ்போர்ட்டையும் நகையையும் தேடாமல் வெளியே வந்து, வாசலுக்கு எதிர்ப்புறம் நின்று 911-ஐக் கூப்பிட வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் ‘ஃபயர்’ என்ற சொல்லும் வீட்டு முகவரியும் போதும். முகவரியைப் பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும், அதை எப்படி வாசிப்பது என்று தமிழிலும் எழுதி அவர்கள் போனின் உறையில் வைத்துவிடுங்கள். அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே அலாரத்தின் பொத்தானை அழுத்தி ஒருமுறை ஒலிக்கவிட்டு, அந்தச் சத்தம் கேட்டால் எந்தக் கதவு வழியாக வெளியே போவது என்று கூட நடந்து காட்டுங்கள்.